‘இது தெளிவு’ என்ற ஒரு வரி

என் ஆய்வேட்டைப் பரிசோதிக்க அவர் வரச் சம்மதித்துவிட்டார் என்று வழிகாட்டி வந்து சொன்னபோது, கையில் கோப்பிக் கோப்பையோடு வழிகாட்டியைக் கட்டிப்பிடிக்கப் போனேன். பாவம், நோர்வேக்காரர். கட்டிப்பிடிப்பதென்றால் அவருக்கு முன்னறிவித்தல் வேண்டும். ஓர் அடி பின்னால் வைத்து, “நல்ல செய்திதானே?” என்று கேட்டார். நல்ல செய்தியா! எண்பது வயதைத் தாண்டிய அந்த ஆங்கிலேயப் பேராசிரியர்தான் நான் நிரந்தர வேலையை விட்டுவிட்டுக் கணிதம் படிக்கப் போனதற்கே காரணம். அவருடைய தேற்றம் ஒன்றின்மேல்தான் என் ஆய்வேடு முழுவதும் நின்றது. அவர் ஒஸ்லோவுக்கு வந்து, என் முன்னால் இருந்து, என்னைக் கேள்வி கேட்கப்போகிறார்.

கோப்பி ஆறுவதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. வழிகாட்டிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தத் தேற்றத்தின் நிறுவலில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்ததை ஒருவருக்கும் வாய்விட்டுச் சொல்லாமல், ஆய்வேட்டின் கடைசியில் ஒரு பின்னிணைப்பாக, மிக மிக மரியாதையாக ஒளித்து வைத்திருந்ததும் நான்தான்.

அவரை முதன்முதல் பார்த்த நாளைச் சொல்லாமல் இதைச் சொன்னால் என் பயம் விளங்காது. அப்போது நான் ஒஸ்லோவின் ஓரத்தில், எங்கள் வீடிருக்கும் ஸ்டோவ்னருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். பின்னம் என்றாலே மேசையில் தலையைச் சாய்க்கும் கூட்டம். பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கான விரிவுரை ஒன்று இருக்கிறது, நுழைவு இலவசம், பிறகு கேக்கும் உண்டு என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் கேக்குக்காகத்தான் போனேன்.

மேடைக்கு வந்தவர் ஒரு சின்னப் பெண்மணி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஓட்டப்பந்தயக்காரர் போடுகிற மாதிரிச் சப்பாத்து, கையில் பாத்திரம் கழுவும் பிளாஸ்ரிக் பேசின் ஒன்று. மூலைக்கடையில் வாங்கிய சவர்க்காரப் போத்தலை அதற்குள் கவிழ்த்தார். பையிலிருந்து வளைத்த கம்பி ஒன்றை எடுத்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெதுவாகத் தூக்கினார். கம்பியின் வளைவுகளுக்கிடையில் ஒரு படலம் பிடித்துக்கொண்டு மினுங்கியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் மாறிக்கொண்டே இருந்தது.

“இந்தக் கம்பிக்குள் பொருந்தக்கூடிய ஆகச் சிறிய பரப்பு எது என்று மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்காகத் தலையைப் பிய்த்தார்கள்,” என்றார். “இதற்குக் கணக்குத் தெரியாது. ஆனால் விடை தெரியும்.” பிறகு படலத்தை ஊதி உடைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. இத்தனை வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு அன்றைக்குத்தான் கணிதம் என்றால் என்னவென்று யாரோ காட்டியதுபோல் இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழும்பி, உங்கள் தாயார் பொதுச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவராமே, சவர்க்காரத்தில் உங்களுக்கு ஆசை வந்தது அப்படித்தானா என்று கேட்டார். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பத்திரிகைக்காரருக்கு அந்தக் கதை நல்ல பிடித்தம், ஆனால் தனக்கு அந்தச் சலவைக்கூடத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றார். ஈரக் கம்பளியின் நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறதாம். “கணிதத்தில் ஆண்கள் யாரும் உட்காராத மூலை ஒன்று மிச்சமிருந்தது. எனக்கு இடம் கிடைத்தது அங்கேதான்.”

அப்படியே தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். வட இங்கிலாந்தில் துணியாலைகள் நிறைந்த ஓர் ஊர். புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் போனால், மண்டபம் முழுக்க ஆண்கள். இவர் முன்வரிசையில் இருக்க, பேராசிரியர் தினமும் “கனவான்களே” என்றுதான் தொடங்குவாராம். நல்ல மதிப்பெண்களோடு வெளியே வந்தவரை, கலியாணம் முடித்த பெண்ணுக்குப் பதவி எதற்கு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பல வருடங்கள் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்திருக்கிறார். பின்னேரங்களில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பென்சில், சமையலறை மேசையில் கணிதம். அந்த மேசையில்தான் அவருடைய பெரிய தேற்றம் பிறந்தது. கம்பியை மெல்ல மெல்ல வளைத்தால் படலமும் மெல்ல மெல்லத்தான் மாறும், திடீரென்று இன்னொரு உருவத்துக்குப் பாயாது, எவ்வளவு வளைக்கும்வரை அப்படிப் பாயாது என்பதையும் சொல்லுகிற தேற்றம். எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று அறிந்ததும், இதை உங்கள் கணவரா எழுதினார் என்று ஒரு பெரிய மனிதர் கேட்டாராம். கணவர் பல் வைத்தியர்.

கடைசியில் அவரைத் திருப்பி அனுப்பிய அதே துறை அவரைப் பேராசிரியராக அழைத்தது. அந்தக் கட்டடத்தில் முதல் பெண் பேராசிரியர். அந்த மாடியில் பெண்களுக்கு மலசலகூடமே இல்லையாம். “அந்தத் துறைக்கு என் முதல் பங்களிப்பு ஒரு கழிப்பறை,” என்றார். மண்டபம் சிரித்தது. நான் அழுதேன். அவர் குரலில் ஒரு முறைப்பாடுகூட இல்லை. காலநிலை அறிக்கை வாசிக்கிறமாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். நானும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, என் வீட்டிலும் ஒரு சமையலறை மேசை இருக்கிறது, அதில் நான் என்ன செய்து கிழித்தேன் என்ற யோசனையில், டி-பானே ரயிலில் ஸ்டோவ்னரில் இறங்க மறந்து, கடைசித் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா அடுப்பை நிறுத்திவிட்டே திரும்பினார்.

“நிரந்தர வேலையை விட்டிட்டு சவர்க்கார நுரை ஊதப்போறியோ?”

“ஓம்.”

“உனக்கு விசரே பிடிச்சிட்டுது?”

“அப்பிடித்தான் நினைக்கிறன்.”

நாற்பதை நெருங்குகிற வயதில், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர்களோடு கலாநிதிப் பட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஓட்டையைக் கண்டது ஒரு மாரிகாலத்தில். அவருடைய நிறுவலை நூறு பேர் எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள். அதைச் சிறு பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி என் ஆய்வேட்டின் தொடக்கத்தில் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசிரியைப் புத்தி போகுமா? வரிவரியாக எடுத்து, இது ஏன், இது ஏன் என்று எழுதிக்கொண்டு போனேன். ஒரே கம்பியில் பிடிக்கிற இரண்டு படலங்களைப் பற்றி நடுவில் ஒரு வரி வந்தது. இந்த இரண்டு படலங்களும் ஒன்றையொன்று தொடமாட்டா, இது தெளிவு. அவ்வளவுதான். ஏன் தெளிவு என்று எழுதப்போனால் பேனை நகரவில்லை.

எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். கிழமைக்கணக்கில் நினைத்தேன். அவருக்குத் தெளிவாயிருப்பது எனக்கு விளங்கவில்லை என்றால் பிழை யாரிடம் இருக்கும்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பொறுக்கமுடியாமல், உடுப்பு மாட்டுகிற கம்பி ஒன்றை முறுக்கி வளைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சவர்க்காரம் ஊற்றி அமிழ்த்தினேன். இரண்டு படலங்கள் எழும்பின. கம்பியைக் கொஞ்சம் நெருக்கினேன். அவை ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, தொட்டு, ஒன்றாகின.

“ஐயோ!” என்று கத்திவிட்டேன்.

அம்மா ஓடி வந்தார். “என்ன, கையைச் சுட்டுப்போட்டியோ?”

சவர்க்காரம் காட்டுவது நிறுவல் ஆகாது. ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்று அது காட்டிவிட்டது. அடுத்த நாட்களில் கணக்கிட்டுப் பார்த்தேன். சில கம்பிகளுக்கு அவை உண்மையிலேயே தொடுகின்றன. அந்த வரி பிழை. அந்த வரி விழுந்தால் அதற்குமேல் கட்டிய எல்லாமே அந்தரத்தில் நிற்கும். என்னுடைய ஆய்வேடும்தான்.

நல்லகாலம், தேற்றம் பொய்யாகவில்லை. வேறு பாதையால் சுற்றிப்போனால் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பாதையை வெட்ட எனக்கு வசந்தம் முழுக்கப் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கடினமான வேலையும், ஆக நல்ல வேலையும் அதுதான். முடித்த அன்று அம்மாவுக்குச் சொன்னேன். வேறு யாருக்குச் சொல்ல?

“அம்மா, அந்த இங்கிலீஷ் மனிசியின்ர கணக்கு பிழை.”

“எந்த மனிசி? நீ வேலையை விட்டிட்டுப் போனதுக்குக் காரணமான மனிசியோ?”

“ஓம்.”

“அவவுக்கு என்ன வயசிருக்கும்?”

“எண்பதுக்கு மேலை.”

“சும்மா கிடந்த சங்கை ஏன் பிள்ளை ஊதுறாய்? நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுற மனிசியை, இந்த வயசில சபையில வைச்சுத் தலைகுனியப் பண்ணி நீ படிச்சு என்ன காணப்போறாய்?”

அம்மாவோடு சண்டை பிடித்தேன். கணிதம் என்றால் கோவில் திருவிழாவா, பெரிய மனிதர் வந்தால் மாலை போட்டுவிட்டு அவர் உளறினாலும் கைதட்டுவதற்கு என்று கத்தினேன். கத்திவிட்டு, அம்மா சொன்னதையே செய்தேன். இங்கே வளர்ந்தவள் நான். ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படித்தவள். என்னோடு படிக்கிற நோர்வேப் பிள்ளைகள் என்றால் அன்றைக்கே அவருக்கு, “வணக்கம், இந்தப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது, நல்ல வார இறுதியாக அமையட்டும்” என்று மின்னஞ்சல் போட்டிருப்பார்கள். எனக்கு விரல் வரவில்லை. வயதில் மூத்தவருக்கு நேரே பிழை சொல்லக்கூடாது என்று ஒருவரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அது எப்படியோ இரத்தத்தோடு வந்திருக்கிறது.

ஆகவே அந்தப் புதுப் பாதையைக் கடைசிப் பின்னிணைப்பில் போட்டேன். ‘ஒரு மாற்று வழி’ என்று தலைப்பு வைத்தேன். பழைய வழி பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. வழிகாட்டி வாசித்துவிட்டு, “அழகாக இருக்கிறது. ஆனால் மாற்று வழி எதற்கு?” என்று கேட்டார். முழுமைக்காக என்றேன். அவர் படலங்களைக் கணினியில் கணக்கிடுகிறவர். பழைய நிறுவலை எல்லாரையும்போல நம்பி எடுத்தவர். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் வருகிற செய்தி. இனி ஓர் எழுத்தையும் மாற்ற வழியில்லை. மனிதர்கள் பின்னிணைப்பு வாசிப்பதில்லை என்பதுதான் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. கோவிலுக்குப் போய், அவர் கடைசிப் பக்கங்களைத் திறக்கக்கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். கொம்பை ஒடித்து எழுதிய சாமியிடம் போய், வாசிக்கவிடாதே என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்த நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கான கடைசிச் சோதனை பகிரங்கமாக நடக்கும். யாரும் வந்து இருக்கலாம். காலையில் ஒரு விரிவுரை செய்யவேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு, எதிர்வாதிகள் என்று அழைக்கப்படும் இரண்டு பரீட்சகர்கள் சபை முன்னால் கேள்வி கேட்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பதவியே பிடிக்கவில்லை. “எதிர்வாதியோ? உன்னோட அவவுக்கு என்ன வழக்கு?” என்றார். ஆனால் யாரும் வரலாம் என்ற பகுதி மட்டும் நல்லாகப் பிடித்துவிட்டது. அரங்கேற்றத்துக்குச் சொல்வதுபோல ஸ்டோவ்னர் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து மாமா ஒருவர் வீடியோ கமராவும், அதற்கு மூன்றுகால் தாங்கியும், காரின் பின்பக்கம் நிறையப் பொரித்த ரோல்ஸும் பற்றீஸுமாக வந்து இறங்கினார். அன்று அந்த மண்டபத்தில் முன்வரிசைகள் முழுக்கப் பட்டுச்சேலை. பின்வரிசையில் கம்பளிச் சட்டையோடு கணிதக்காரர்கள், வழிதவறிக் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒடுங்கி இருந்தார்கள்.

காலை விரிவுரை நல்லபடி முடிந்தது. இடைவேளையில் வெளியே மேசையில் அம்மா பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்க, பேராசிரியர் தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்து வந்தார். அதே சாம்பல் கம்பளிச் சட்டையோ, அதேபோன்ற இன்னொன்றோ. மேசையைப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா ஒருகணம் எதிர்வாதியை முறைத்தார். பிறகு தடியைப் பிடித்திருந்த மெலிந்த கையைக் கண்டிருக்கவேண்டும். மீன் ரோல் ஒன்றைக் கடதாசியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் நின்றபடியே சாப்பிட்டார். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. இன்னொன்று கேட்டார்.

நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். “அம்மா! சோதிக்க வந்த ஆளுக்குச் சாப்பாடு குடுத்தால் இஞ்சை லஞ்சம் எண்டு சொல்லுவினம்!”

“ரோல்ஸோ லஞ்சம்? விசர்க் கதை கதையாதை.” பிறகு என் காதருகே குனிந்தார். “நல்ல மனிசியா இருக்கிறா. நீ வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதை.”

மத்தியானம் எல்லாரும் எழுந்து நிற்க, சோதனையை நடத்தும் தலைவருக்குப் பின்னால் வரிசையாக உள்ளே போனோம். பேராசிரியர்தான் முதல் எதிர்வாதி. கரும்பலகைக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். தொடக்கத்தில் எல்லாம் பூப்போலப் போனது. என் ஆய்வேட்டின் ஒவ்வொரு பகுதியையும் சபைக்கு விளக்கினார். கேள்விகள் கேட்டார். கஷ்டமான கேள்விகள்தான், ஆனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிற மாதிரிக் கேள்விகள். நான் விடை சொல்லும்போது அவர் கண்கள் சின்னப் பிள்ளையின் கண்களாக இருந்தன. இவரோடு நான் கணிதம் பேசுகிறேன் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்து மூச்சு முட்டியது. முடியப்போகிறது, பிள்ளையார் காப்பாற்றிவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது அவர் ஆய்வேட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கங்களைத் திறந்து மேசையில் வைத்தார்.

“ஒரு மாற்று வழி,” என்று தலைப்பை வாசித்தார். “நான் இப்போது பயணம் செய்வதில்லை. கேட்கிற எல்லாருக்கும் மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். இந்தத் தலைப்பைக் கண்டுதான் இங்கே வரச் சம்மதித்தேன். மாற்று வழி என்றால், முதல் வழியாலும் போகலாம் என்று அர்த்தம். அந்த முதல் வழி என்னுடையது. அதால் போகலாமா?”

கையிலிருந்த வெண்கட்டி வியர்வையில் மாவாகியது. சில சந்தர்ப்பங்களில் இன்னும் கொஞ்சம் விரிவான விளக்கம் தேவைப்படலாம் என்று ஏதோ இழுத்தேன். அவர் தலையை அசைத்தார்.

“நான் கேட்டது அதுவல்ல. போகலாமா, முடியாதா?”

முன்வரிசையைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு இருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு ஓடாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தால் விளங்கும். என் முன்னால் நிற்பது ஒரு கிழவி. திருப்பி அனுப்பியவர்களுக்கும், கணவரா எழுதினார் என்று கேட்டவர்களுக்கும் அவர் கொடுத்த ஒரே பதில் இந்தத் தேற்றம். சமையலறை மேசையில் குழந்தையை வைத்துக்கொண்டு கட்டிய அதை, நான், அவர் வாழ்க்கையைக் கேட்டு அழுதவள், என் சொந்தச் சனங்களுக்கு முன்னால், கமரா ஓடிக்கொண்டிருக்க, இடிக்கவேண்டும். பொய் சொன்னால்? பொய் சொன்னால் எனக்குப் பட்டம் கிடைக்கும். அவருக்குப் பெயர் கிடைக்கும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“முடியாது,” என்றேன். “அது பிழை.”

பின்வரிசையில் யாருடையவோ கதிரை கிறீச்சிட்டது. வழிகாட்டி கையிலிருந்த பேனையை விழுத்திவிட்டார்.

“எந்த வரி?” என்று கேட்டார் அவர்.

“இரண்டு படலங்களும் தொடமாட்டா என்ற வரி. இது தெளிவு என்று எழுதியிருக்கிறீர்கள். சில கம்பிகளில் அவை தொடுகின்றன.”

“காட்டுங்கள்.”

கரும்பலகையில் அந்தக் கம்பியை வரைந்தேன். முதல் படலம், இரண்டாவது படலம், இரண்டும் சாய்ந்து சந்திக்கிற இடம். கணக்கை அதன் பக்கத்தில் எழுதினேன். அவர் தடியை மேசையில் சாத்திவிட்டு, பலகைக்கு மிகக் கிட்ட வந்து, மூக்கு முட்டுமளவுக்கு நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தன் வாழ்நாள் வேலையில் வெடிப்பு எங்கே என்று அவர் விரலால் தடவிப் பார்ப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு கோபம் வராதா என்றுகூட ஏங்கினேன். வந்தது ஆர்வம்தான். பேசின் தண்ணீருக்குள்ளிருந்து கம்பியைத் தூக்கும்போது அவர் முகத்தில் இருந்த அதே ஆர்வம்.

“ஆம்,” என்றார். “தொடுகிறது.”

பிறகு, அந்தச் சபையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். முன்வரிசையில் ஒரு வெறும் கதிரையில், பட்டுச்சேலைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, பென்சிலை எடுத்தார். “இனி உங்கள் வழியைத் தொடக்கத்திலிருந்து காட்டுங்கள். மெதுவாக. எனக்கு வயதாகிவிட்டது.”

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பேராசிரியர் கையை உயர்த்தித் தலைவரை அடக்கினார். நான் எழுதத் தொடங்கினேன். பலகையை நிரப்பி அழித்து, மறுபடி நிரப்பினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, ஏன் என்று கேட்டார். விளக்கினேன். ஒரு இடத்தில் அவரே எனக்கு முந்தி அடுத்த வரியைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ரோல்ஸ் சாப்பிடவும் கைதட்டவும் வந்த என் சனம், ஒரு எழுத்தும் விளங்காமல், ஒரு இருமல்கூட இல்லாமல் இருந்தது. ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பினேன். அவர் எழும்பிச் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“அந்த வரியை எழுதியபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது,” என்றார். “பிறகு பார்க்கலாம் என்றுதான் ‘தெளிவு’ என்று போட்டேன். பிறகு இந்தத் தேற்றத்துக்குப் பரிசு வந்தது. பரிசு வந்த பிறகு திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நாற்பது வருடம். எல்லாரும் என்னை மதித்தார்கள். வாசித்தது இவர் ஒருவர்தான்.”

என் பக்கம் திரும்பினார். “இதை அச்சுக்குக் கொடுக்கும்போது தலைப்பை மாற்றுங்கள். திருத்தம் என்று போடுங்கள். பிழை யாருடையது என்று என் பெயரோடு எழுதுங்கள். எனக்கு மரியாதை செய்ய விரும்பினால் அதைச் செய்யுங்கள்.” பிறகு தன் தடியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்தார்.

நான் விம்மத் தொடங்கிவிட்டேன். அடக்க முடியவில்லை. தலைவர் இடைவேளை அறிவித்தார். கைதட்டலுக்குள்ளே அம்மா எழும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“என்ன, சொல்லிப்போட்டியோ?”

“சொல்லிட்டன்.”

“கோவிச்சவவோ?”

“இல்லையம்மா.” மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். “அந்தப் பிழை இருக்குமெண்டு அவவுக்கு ஒரு பயம் இருந்ததாம். ஆரும் கேப்பினமெண்டு நாப்பது வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தவவாம். எல்லாரும் மதிச்சவையாம், ஒருத்தரும் வாசிக்கேல்லையாம்.”

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அவரைச் சுற்றி அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“இவ்வளவு காலமும் அந்தக் கணக்கோட தனியவே இருந்திருக்கிறா, பாவம்,” என்றார் அம்மா.